கம்பெனி போனால் மருந்தும் போகலாமா?

போனக்காட்டில் வாழும் எங்களுக்கு ஒரு பாடத்தை யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்துக்கொண்டிருந்தவன் கையை மூடிக்கொண்டால் வாங்கிக்கொண்டிருந்தவன் கதி என்ன என்பதே அந்தப் பாடம்.

அகஸ்தியர்கூடத்தின் அடிவாரத்தில் வெள்ளைக்காரன் காடு வெட்டித் தேயிலை நட்ட காலத்தில், கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தோட்டம் நடந்த நாளில் டிஸ்பென்சரி இருந்தது. கம்பவுண்டர் இருந்தார். காய்ச்சலுக்கு மாத்திரையும் வெட்டுக்காயத்துக்குக் கட்டும் கிடைத்தன. அதைக் கம்பெனியின் தயவு என்று நினைத்தே எங்கள் பெரியவர்கள் கும்பிட்டார்கள். உண்மையில் அது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி தலையில் வைத்த கடமை. ஆனால் நிர்வாகம் நொடித்து, சம்பளமும் கிராஜுவிட்டியும் பாக்கி விழுந்தபோது, சட்டப் புத்தகம் எழுந்து வந்து எங்களுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. டிஸ்பென்சரிக்குப் பூட்டு விழுந்தது. அன்று முதல் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விதுராவுக்குப் போகும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறோம். இன்று போனக்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் மலையேற வருகிறார்கள். பேய் பங்களா என்று பேர் வாங்கிய பழைய பங்களாவைப் பார்க்க வருகிறார்கள். லயத்துக்குள் எட்டிப் பார்ப்பவர் குறைவு.

இந்த அனுபவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நமது சங்கம் இதுவரை பேசாத ஒரு விஷயத்தை இந்த மாதம் பேசுகிறோம். திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் வேண்டிய மருத்துவம் பற்றியது அது. "நமக்கும் அதற்கும் என்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

லயத்தில் பிறந்த பிள்ளை

எங்கள் லயத்தில் ஆணாகப் பிறந்ததாக எழுதப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்த ஒரு பிள்ளை உண்டு. பேர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அடி, வீட்டில் அடி, கடைத்தெருவில் கேலி. பதினேழு வயதில் ஒருநாள் காலை பஸ்ஸில் ஏறிப் போனவள் திரும்பவில்லை. அவளுக்காக அன்று சங்கம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதை எங்கள் குறையாக இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

போன ஊரில் அவள் பட்ட பாட்டைப் பிறகு தாயிடம் சொல்லியிருக்கிறாள். உடம்பு பெண்ணாக வேண்டும் என்ற தவிப்பில், கூட இருந்தவர்கள் சொன்னபடி மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி, ஒன்றுக்கு மூன்றாக விழுங்கினாள். கால் வீங்கியது. அளவு மீறி எடுக்கும் ஹார்மோன் மாத்திரை ரத்தத்தை உறையவைக்கும் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண் வரிசையா, பெண் வரிசையா என்று கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

பல வருஷம் கழித்து, வேறொரு நகரத்தில் அவளைப் போன்றவர்களே உட்கார்ந்து நடத்தும் ஒரு கிளினிக் கிடைத்தது. ரத்தம் சோதித்தார்கள், அளவாக மருந்து எழுதினார்கள், அவள் பேரை அவள் விரும்பியபடி கூப்பிட்டார்கள். அந்த வருஷம்தான் தாய்க்கு முதல் தடவையாகப் பணமும் போன் அழைப்பும் வந்தன. 2025 பிப்ரவரியில் இன்னொரு அழைப்பு: "அம்மா, கிளினிக்கைப் பூட்டிட்டாங்க. வெளிநாட்டுப் பணம் நின்னுபோச்சாம்."

கொழுந்து எடுத்தே கை தேய்ந்த அந்தத் தாய் சங்கக் கூட்டத்துக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நம்ம டிஸ்பென்சரி மாதிரியே ஆயிருச்சே. இனி எம்பிள்ளைக்கு யாரு மருந்து குடுப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

ஐதராபாத்தில் நடந்தது

அவள் போன இடத்தின் பேரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே மாதங்களில் ஐதராபாத்தில் நடந்தது நாடறிந்த செய்தி.

2021 ஜனவரியில் அந்நகரத்தின் நாராயணகுடாவில் 'மித்ர்' என்ற கிளினிக் திறக்கப்பட்டது. மித்ர் என்றால் நண்பன். திருநர்களுக்கென்று, பெரும்பாலும் திருநர்களையே ஊழியராக வைத்து நடந்த இடம் அது. சாதாரணக் காய்ச்சல் முதல் ஹார்மோன் ஆலோசனை, மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. பரிசோதனை, சட்ட உதவி வரை ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பிறகு மகாராஷ்டிரத்தில் கல்யாணிலும் புனேயிலும் இதேபோல் திறந்தார்கள். மூன்றிலுமாக ஏறக்குறைய 5,000 பேர் பயன் பெற்றார்கள். பணம் அமெரிக்க அரசாங்கத்தின் யுஎஸ்எய்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் திட்டம் ஒன்றின் வழியாக நடந்தது.

2025 ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்காவில் டிரம்ப் மறுபடியும் பதவியேற்றார். அன்றே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். சில நாட்களில் வேலையை நிறுத்து என்ற கட்டளை உலகமெங்கும் போனது. மூன்று கிளினிக்குகளும் மூடப்பட்டன. அதிகாரத்தின் பக்கத்தில் அப்போது உட்கார்ந்திருந்த பெருஞ்செல்வர் எலான் மஸ்க், இதற்கா நம் வரிப்பணம் போனது என்று கேலியும் செய்தார். 2025 ஜூலை 1ஆம் தேதியோடு யுஎஸ்எய்ட் நிறுவனமே செயலை நிறுத்திக்கொண்டது.

எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் பேனாவைத் திறந்தான். இங்கே நாராயணகுடாவில் ஒரு கதவு மூடியது. அந்தக் கதவின் முன் நின்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? வாஷிங்டனுக்கு ஊர்வலம் போக முடியுமா?

ஒரு கணக்கையும் பாருங்கள். இப்படி ஒரு கிளினிக்கை நடத்த ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வரை போதும், ஊழியர் ஏறக்குறைய 8 பேர் என்று அப்போது செய்திகள் வந்தன. மாதத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். ஒரு தனி மனிதருக்கு அது பெரும் தொகை. ஒரு மாநில அரசாங்கத்தின் வரவு செலவில் அது சிறு துளி. இந்தத் துளிக்காகத்தான் ஆயிரக்கணக்கான பேர் மருந்தில்லாமல் நின்றார்கள்.

2025 மே மாதத்தில் ஐதராபாத் கிளினிக் டாடா அறக்கட்டளைகளின் உதவியோடு 'சப்ரங்' என்ற புதுப் பேரில் மறுபடியும் திறந்தது. அந்த ஊழியர்களின் விடாமுயற்சியைப் பாராட்டுகிறோம். மாதக்கணக்கில் மருந்தில்லாமல் இருப்பதைவிட ஒரு கதவு திறந்திருப்பது எவ்வளவோ மேல். என்றாலும் ஒன்றை மறக்கலாகாது. கை மாறியிருக்கிறது, கொடுக்கிறவனின் மனம் மாறினால் கதவு மூடும் என்ற நிலை மாறவில்லை.

எது நின்றது, எது நிற்கவில்லை?

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. அமெரிக்க உத்தரவால் மித்ர் மூடியது. அதே உத்தரவால், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தரப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து நிற்கவில்லை. ஏன்?

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்த வேலைக்கு வெளிநாட்டுப் பணமே பெரிய தூணாக இருந்தது. நோயாளிகளும் அவர்களுக்காகப் பேசியவர்களும் இடைவிடாது கேட்டதன்பேரில், 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உள்ளிட்ட சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைத்தது. படிப்படியாக அந்தச் செலவு நம் நாட்டு வரவு செலவுத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாவது தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 15,471.94 கோடி ரூபாய்.

அதிலும் குறை வராமல் இல்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அப்போது நோயாளிகள் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து வாரக்கணக்கில் போராடினார்கள். உட்காருவதற்கு ஒரு வாசல் இருந்தது, பதில் சொல்லியாக வேண்டிய ஒரு அதிகாரி இருந்தார். தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பணம் கை மாறும்போது சேவை சாகத்தான் வேண்டும் என்பதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளை 'ஆவாஹன்' என்ற பேரில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் எய்ட்ஸ் தடுப்பு வேலையைத் தொடங்கியது. திருநங்கையரிடையேயும் அந்த வேலை நடந்தது. பிறகு 2009 தொடங்கி மூன்று தவணைகளில், முதலில் சிறு பகுதி, கடைசியில் பெரும் பகுதி என்று அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். முன்கூட்டித் தேதி சொன்னார்கள்; அரசாங்கத்தின் விதிகளுக்கு ஏற்ப ஊழியரைப் பழக்கினார்கள்; அதன் பிறகே கையை எடுத்தார்கள். சிரமங்கள் இருந்தன. ஆனாலும் ஒரே இரவில் கதவு மூடவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இது: எந்த மருத்துவம் அரசாங்கத்தின் வரவு செலவுக்குள் நுழைந்ததோ அது நிலைக்கிறது. எது நன்கொடையாகவே இருந்ததோ அது கொடுப்பவன் மனம் மாறும்போது போகிறது. வெளிப்பணத்தை வாங்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அது ஏணியாக இருக்கட்டும். வீடாக இருக்க வேண்டாம்.

அரசாங்கம் செய்ததும் செய்யாததும்

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச அறுவை சிகிச்சைக்கு வழி செய்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இவர்களுக்கென்று தனி ஆலோசனைப் பிரிவுகள் வந்தன. நாம் வாழும் கேரளம் 2015இல் திருநர்களுக்கான கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் இதில் முந்திக்கொண்ட மாநிலம் கேரளம்தான். 2018இல் அறுவை சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவி அறிவித்தது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் குறை பல உண்டு என்று திருநர்களே வீதிக்கு வந்து போராடினார்கள். என்றாலும் அதன் 15ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சை, அறுவை, ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றை அரசாங்கத்தின் பொறுப்பாக எழுதியது. 2022இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று மத்திய அரசு அறிவித்தது.

பிறகு என்ன குறை?

அறுவைக்குப் பணம் அறிவிப்பது அரசாங்கத்துக்கு எளிது. ஒருநாள் செய்தி, ஒருநாள் படம். ஆனால் அறுவை செய்துகொண்டவருக்கு அதன் பிறகு பல்லாண்டுகள் அளவான ஹார்மோன் வேண்டும். அது நின்றால் எலும்பு தேயும், உடம்பு சோரும், மனம் உடையும். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும். இந்த நீண்ட, சத்தமில்லாத வேலைக்கு மாலை போட யாரும் வருவதில்லை; ஆகவே அதற்குப் பணம் ஒதுக்கவும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. காப்பீட்டு அட்டை கட்டிலுக்குப் பணம் கட்டும். வாசலில் நின்று "வாம்மா, உட்காரு" என்று சொல்லும் ஆளுக்கு அது சம்பளம் கொடுக்காது. மித்ர் போன்ற இடங்களை வாழவைத்தது அந்த ஆள்தான்.

அந்த ஆளை அரசாங்கச் சம்பளத்தில் வைக்க முடியாதா? முடியும். 2022 நவம்பரில் ஐதராபாத் உஸ்மானியா பொது மருத்துவமனையில் பிராச்சி ராத்தோட், ரூத் ஜான் பால் என்ற இரண்டு திருநங்கை டாக்டர்கள் அரசாங்க மருத்துவர்களாக வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். ஒரு இடத்தில் முடிந்தது மற்ற இடத்திலும் முடியும்.

நம்மைப் போல் பிழைப்புத் தேடி மாநிலம் கடந்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழ்நாட்டு வாரியம் தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்கு; கேரளத் திட்டம் கேரளத்தாருக்கு. போனக்காட்டில் பிறந்து வேறு மாநிலத்தில் வாழும் பிள்ளைக்கு எந்த வாரியம்? சாதிச் சான்றிதழுக்குப் பூர்வீக ஆதாரம் கேட்டு நம்மை அலைக்கழித்த அதே மேஜை, அவளையும் அலைக்கழிக்கிறது. நோய் விலாசம் பார்த்து வருவதில்லை. மருத்துவமும் விலாசம் கேட்கக்கூடாது.

இரண்டு கேள்விகள்

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது தோழர்கள் இரண்டு கேள்விகள் எழுப்பினார்கள். இரண்டும் நேர்மையான கேள்விகள்.

முதலாவது: "நமக்கே சம்பளப் பாக்கி, ஒழுகும் லயம். இதில் இது எதற்கு?" எங்கள் பதில்: நமது டிஸ்பென்சரியைப் பூட்டிய சாவியும் அந்தக் கிளினிக்கைப் பூட்டிய சாவியும் ஒரே பட்டறையில் செய்தவை. ஏழையின் உடம்பு பணக்காரனின் மனம்போல நடக்கட்டும் என்ற எண்ணமே அந்தப் பட்டறை. "எங்கள் டிஸ்பென்சரியை மட்டும் திற" என்று கேட்கிறவன் தயவு கேட்கிறான். "ஏழை எவனுக்கும் மருந்து அரசாங்கக் கடமை" என்று கேட்கிறவன் உரிமை கேட்கிறான். இரண்டாவது குரலுக்குத்தான் பலம் அதிகம். அதற்கு ஆள் கூட்டும் அதிகம்.

இரண்டாவது: "இதெல்லாம் வெளிநாட்டான் கொண்டுவந்த பழக்கம்தானே?" இல்லை. சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரை வெள்ளைக்காரன் கொண்டுவந்தானா? பணம்தான் அங்கிருந்து வந்தது. பிள்ளைகள் நம் வயிற்றில் பிறந்தவர்கள். பணம் திரும்பிப் போய்விட்டது. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

கேரள அரசாங்கத்தை நாம் கேட்பது நான்கு.

ஒன்று, திருநர் மருத்துவத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வேண்டும். அறுவைக்கு மட்டுமல்லாமல் ஹார்மோன், ரத்தப் பரிசோதனை, ஆலோசனை ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் தொகை வேண்டும்.

இரண்டு, விதுரா போன்ற மலையடிவார ஊர்களின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் ஒருநாளாவது இதற்கென்று பிரிவு நடக்க வேண்டும். தலைநகரத்தில் மட்டும் வைத்தால், ஒருநாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்துதான் இங்கிருந்து போக வேண்டும்.

மூன்று, அந்தப் பிரிவில் திருநர் ஒருவராவது நிரந்தரச் சம்பளத்தில் இருக்க வேண்டும். தமிழ் பேசும் ஊழியர் ஒருவரும் வேண்டும்.

நான்கு, வெளியார் பணத்தில் எந்தச் சேவை தொடங்கினாலும், அதை எந்தத் தேதியில் அரசாங்கம் ஏற்கும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும்.

கேட்பதோடு நம் வேலை முடியாது. 1951 சட்டம் புத்தகத்தில் இருந்தும் டிஸ்பென்சரி மூடியது. ஏனென்றால் அது மூடிய அன்று நாம் கூட்டமாகப் போய் நிற்கவில்லை. உரிமையைக் காவல் காக்க ஆள் வேண்டும். ஆகவே சங்கக் கிளைகளுக்கு மூன்று யோசனைகளை வைக்கிறோம். சந்தாவிலிருந்து ஒரு சிறு பகுதியைத் தனியாக வைத்து, மருந்து நின்றுபோன பிள்ளைக்குப் பஸ் கட்டணத்துக்கும் ஒரு மாத மாத்திரைக்கும் உதவலாம். ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு கூட ஒருவர் போகலாம். தனியாக வருபவளைப் பார்த்துச் சிரிக்கிறவன் நாலு பேர் கூட வந்தால் சிரிக்கமாட்டான். அடையாளச் சான்றிதழுக்கும் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பம் நிரப்ப, படித்த நம் பிள்ளைகள் உட்காரலாம். மாதம் இரண்டரை லட்சத்தை நம்மால் திரட்ட முடியாது. திரட்டவும் கூடாது, அது அரசாங்கத்தின் வேலை. அரசாங்கம் அதைச் செய்யும்வரை பிள்ளை சாகாமல் பார்த்துக்கொள்வதும், செய்யாதபோது போய்க் கேட்பதும் நம் வேலை.

எல்லாவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம், உத்தரவு வேண்டாம். வீட்டை விட்டுப் போன பிள்ளை போன் பண்ணினால் எடுத்துப் பேசுங்கள். தீபாவளிக்கு வா என்று கூப்பிடுங்கள். லயத்தில் யாராவது சிரித்தால், சங்கத்துக்காரர்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

கூட்டத்துக்கு வந்து கேட்ட அந்தத் தாய்க்கு அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறோம்: அம்மா, உங்கள் பிள்ளைக்கு மருந்து கொடுக்க வேண்டியது அரசாங்கம். கொடுக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது நாங்கள். அடுத்த மாதம் விதுரா ஆஸ்பத்திரி அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள். உங்கள் பின்னால் நாங்கள் வரிசையாக நிற்கிறோம்.